விட்ட இடத்திலிருந்து

சிவப்புக் கோடு நகர்ந்திருந்தது.

நேற்று டிவியை அணைக்கும்போது அந்தத் தொடரின் படத்துக்குக் கீழே கோடு நடுவில் நின்றதை ராஜாங்கம் பார்த்திருந்தார். பதினேழாம் பாகம், பாதி. காலையில் பல் விளக்கிவிட்டு வந்து போட்டால் பதினெட்டாம் பாகம் என்று எழுதியிருக்கிறது. கோடு அதில் ஒரு நக அகலத்துக்கு ஏறி நிற்கிறது. கண்ணாடியைத் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். அதுக்காக எண்கூடத் தெரியாதா? பதினெட்டு.

அந்தத் தொடரை அவர் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டு சாலம்மாள். அவள் செத்து நாலு நாள் ஆகிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டின வீடுகள் அவை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கட்டினவன் எவனோ செங்கல்லைக் கம்மி பண்ணிவிட்டான். அங்கே கடுகு தாளித்தால் இங்கே பொரிகிற சத்தம் கேட்கும், அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்தால் இங்கே மூக்கு எரியும். போன தீபாவளிக்கு மகள் எழில்மதி சென்னையிலிருந்து அவளுக்கு ஒரு டிவி கொண்டுவந்தாள். அதில் காசு கேட்காமல் படமும் தொடரும் காட்டுகிற ஒரு சங்கதி இருந்தது. பேர் என்னவோ இங்கிலீஷ். தெருவில் எல்லோருக்கும் அது இனாம் டிவி. உள்ளே நுழைய ஒரு போன் நம்பர் வேண்டுமாம். சாலம்மாளின் பட்டன் போன் பாதி நாள் அரிசி டப்பாவில் கிடக்கும். அதனால் ராஜாங்கத்தின் நம்பரையே அங்கேயும் போட்டார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டில் எது ஓடினாலும் இவர் டிவியில் தெரியும். ‘விட்ட இடத்திலிருந்து’ என்று ஒரு வரிசை. எதை, எந்தப் பாகத்தில், எந்த நிமிஷத்தில் விட்டாளோ, எல்லாம்.

இனாமாகக் கொடுக்கிறவனை ராஜாங்கம் நம்புகிற ஆள் இல்லை. பத்துப் பேர் நல்லாயிருக்கிறது என்றால் அதில் ஏதோ ஏமாற்று உண்டு என்று நினைக்கிறவர். அதனால் முதல் பக்கத்தில் மினுக்குகிறதை எல்லாம் தள்ளிவிட்டு, அடியில் யாரும் தொடாமல் கிடக்கிறதைத் தோண்டுவார். கடலுக்குள் பாலம் கட்டுகிறவர்கள், ஆறு பாகம். ஒரு ரயிலின் கடைசிப் பெட்டிக்குள்ளேயே நடக்கிற தொடர். பாலைவனத்தில் தபால் கொண்டுபோகிற பொம்பளை. எல்லாம் வெளிதேசத்துக்காரர்கள், வாய் ஒன்று அசையும், தமிழ் ஒன்று வரும். ஆனாலும் நம் சீரியல் மாதிரி கண்ணைக் கசக்கிக் காசு பறிக்கிற வேலை இல்லை. தெருவில் எவனுக்காவது புதுசாகப் பார்க்க வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்பான்.

அன்றைக்கும் டீக்கடைக்காரன் பூமாலை ஆரம்பித்துவிட்டான்.

“இன்னா ராஜாங்கம், வூட்டுக்குள்ளயே அடைஞ்சி கெடக்கற? புதுசா இன்னா ஓடுது?”

“ஒண்ணும் இல்ல.”

“போன தபா பாலம் கட்றவனுங்கள பாருன்னு சொன்ன. எங்க வூட்டுக்காரி பாத்துட்டு, மழ பேஞ்சா நம்ம வாசல்ல தண்ணி நிக்குது, நீயும் ஒரு பாலம் கட்டுன்றா.” சிரித்தவன் டம்ளரை நீட்டும்போது குரலை இறக்கினான். “பாவம், சாலம்மா. ஒன்ன உட்டா அதுக்கு யாரு? அன்னிக்கின்னு பாத்து தெருசனம் மொத்தமும் கல்யாண வேன் ஏறிடுச்சி. நீ ஒருத்தன் இருந்தும் ஒனக்கும் ஒண்ணும் கேக்கலியே.”

“டிவி ஓடிக்கினு இருந்தது,” என்றார் ராஜாங்கம். டீ நாக்கைச் சுட்டது.

அதுதான் எல்லோரிடமும் சொன்னது. எழில்மதியிடமும் அதைத்தான் சொன்னார்.

சாலம்மாளுக்கு ஒரு பழக்கம். ஒரு தொடர் முடிந்ததும் கரண்டிக் காம்பால் சுவரில் மூன்று தட்டு. டக், டக், டக். பிறகு குரல்: “ண்ணா, முடிஞ்சிட்ச்சி. அடுத்தது இன்னா பாக்கட்டும்?” நாலு பாகத்தை ஒரே பகலில் முடித்துவிட்டுத் தட்டுவாள். சோற்றில் கை வைத்தால் தட்டுவாள். கண் அசந்தால் தட்டுவாள். ஒண்டிக்கட்டை, கேட்கிறது தொடர் இல்லை, பேச்சுத்துணை. அது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எரிச்சல்.

அதற்காகவே தேடிப்பிடித்தது ‘பனிக்காட்டு மருத்துவச்சி’. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், முப்பத்திரண்டு பாகம். பனியில் ஒரு கிழவி நடந்துகொண்டே இருப்பாள். அவர் பார்த்தது கால் பாகம்கூட இல்லை. இவ்வளவு மெதுவாகப் போகிற கதை வேறு கிடையாது என்பது மட்டும் தெரிந்தது.

“நல்லாயிருக்குமா ண்ணா?”

“பாத்தாதான தெரியும். முப்பத்திரண்டு பாகம் இருக்குது. அது முடியறவரைக்கும் செவுத்த தட்டாத. சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “செரி, செரி. முடிச்சிட்டே தட்றேன்.”

ஐந்தாம் நாள் காலையில் இருபது என்று காட்டியது. 

யாரோ நம்பரைத் திருடிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தார். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எவனோ பார்க்கிறான். படத்தின்மேல் நிறுத்தி ‘நீக்கு’ என்பதை அழுத்தினார். போய்விட்டது. வரிசை காலியானது. கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பனிக்காட்டுக் கிழவி அதே இடத்தில், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். இருபத்தொன்று.

அன்று சாயங்காலம் எழில்மதி போன் பண்ணினாள்.

“மாமா, அம்மா வூட்ல வெளக்கு ஏத்திட்டீங்களா?”

“ஏத்திட்டம்மா.”

“தெனமும் ஏத்தறீங்கல்ல? பதினாறாம் நாள் வரைக்கும் அந்த எடம் இருட்டா கெடக்கக் கூடாதுன்னு பெரியவங்கல்லாம் சொல்லி அனுப்பிச்சாங்க. எனக்குத்தான் லீவு கெடைக்கல.”

“ஏத்திக்கினுதாம்மா இருக்கறேன். நீ வேலைய பாரு.” அந்த வீட்டுச் சாவி சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பஸ் ஏறும்போது அவள் கொடுத்தது, வாங்கி மாட்டினது. அதற்கப்புறம் அவர் அதைத் தொடவில்லை. “ஏம்மா, டிவிய எடுத்துக்கினு போனியா?”

“இல்லியே. இடி இடிக்குதுன்னு ஒயர புடுங்கி வச்சிட்டு வந்தேன். ஏன் மாமா?”

“சும்மாதான் கேட்டேன்.”

“நீங்க பக்கத்துல இருக்கீங்கன்ற தைரியத்துலதான் மாமா நான் அம்மாவ அங்க உட்டுட்டு இருந்தேன். பெத்த பொண்ணு நான் செய்யல. நீங்க செஞ்சீங்க.”

போனை வைத்தபிறகும் ராஜாங்கத்துக்குக் காது சுட்டுக்கொண்டே இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். இது வேறு மாதிரி. ஆறு மணி ஆகிவிட்டது, மலைப் பக்கம் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது, சாவியைப் பார்த்தார், நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று பாயை விரித்தார்.

ஆறாம் நாள் இருபத்துமூன்று. ஏழாம் நாள் இருபத்தாறு. டிவியே போட வேண்டாம் என்று ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார். அரை நாள்கூடத் தாங்கவில்லை. எத்தனை ஆச்சு, எத்தனை ஆச்சு என்று மனசு அதையே கேட்டது. போட்டுப் பார்த்தால் கூடியிருக்கும். ஒருமுறை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு ஒரு மயிரிழை நகர்ந்தது. எறும்பு நகர்கிற மாதிரி. பொறுமையாக.

கணக்கு அவருக்கு நன்றாகத் தெரிந்தது. முப்பத்திரண்டு முடிந்ததும் தட்டுகிறேன் என்று சொன்னவள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள்.

எட்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம், வேறொரு சத்தம் இருந்தது. மழையோ என்று காதை வைத்தார். சுண்ணாம்பு காதில் சில்லென்று ஒட்டியது. காற்றுச் சத்தம். ஊய் என்று, ஓயாமல், நம் ஊரில் அடிக்காத காற்று, பனிக்காற்று. அதற்குள் யாரோ நடக்கிறார்கள், சரக், சரக் என்று. ஒரு பொம்பளைக் குரல், வாய்க்கும் பேச்சுக்கும் பொருந்தாத தமிழில், ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்றது. அதோடு தைல வாசனை. மூக்கு எரிய, இப்போதுதான் தேய்த்த மாதிரி.

அவர் காதை எடுத்துக்கொண்டார். 

அந்த வியாழக்கிழமை நினைவு வந்தது. மத்தியானம் மூன்றரை இருக்கும். சுவரில் ஏதோ விழுந்த சத்தம், பாத்திரம் உருண்ட சத்தம், பிறகு தட்டு. டக், டக், டக். அடுத்தது என்ன என்று கேட்கிறாள் என்று நினைத்தேன், அதனால்தான் போகவில்லை என்று இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அப்போது அவருடைய டிவியில் அந்த வரிசை திறந்துதான் இருந்தது. கோடு பதினேழின் பாதியில் நின்றிருந்தது. பாதியில் அவள் ஒருநாளும் தட்ட மாட்டாள். ஒரு வருஷப் பழக்கம். கோடு நின்றதும், தட்டினதும், தாறுமாறாக மறுபடி தட்டினதும், எல்லாவற்றுக்கும் அர்த்தம் அவருக்கு அப்போதே தெரிந்தது.

தெரிந்துதான் சத்தத்தைக் கூட்டினார்.

லாரியில் கிளீனராகப் போன காலத்தில் உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ரோட்டோரம் ரத்தத்தோடு கிடந்த ஒருத்தனைத் தூக்கி மடியில் போட்டுக் கொண்டுபோனார். நீதான் இடிச்ச என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் நாலு நாள் உட்காரவைத்து அடித்தார்கள். தொட்டவன் தலையில்தான் விடியும். அதற்கப்புறம் எதையும் தொடுவதில்லை. இதையும் தனக்கு அவர் பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு. நல்ல காரணம்தான். ஆனால் காரணம் அதோடு முடியவில்லை என்பதும் தெரியும். அதற்குமேல் நினைக்காமல் புரண்டு படுத்தார்.

ஒன்பதாம் நாள் காலை முப்பத்தொன்று. சாயங்காலம் முப்பத்திரண்டு. கோடு தொடக்கத்தில்.

ஒரு மணி நேரம். விளக்கை ஏற்றினால் நிற்கும். அதுதான் அவளுக்குக் குறை. இருட்டில் போட்டு வைத்திருக்கிறோம், அதனால்தான் டிவி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இப்படி நினைத்ததும் அவருக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. டிவியை அணைத்துவிட்டு, துண்டை முக்காடு போட்டுக்கொண்டு, எண்ணெயும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு, தூறலில் நாலு எட்டு நடந்து பூட்டைத் திறந்தார்.

உள்ளே பூட்டின வீட்டு வாடை. ஈரச் சுவர், பழைய எண்ணெய், கசங்கின துணி. டிவி ஒயர் சுருட்டி ஆணியில் தொங்கியது. திரையில் தூசி; விரல் வைத்தால் கோடு விழுகிற தூசி. எந்தச் சத்தமும் இல்லை. மண் அகல் சுவரோரம், அவள் கிடந்த இடத்தில், காய்ந்து போய் உட்கார்ந்திருந்தது. திரி வெள்ளையாக, ஒருநாளும் எரியாததாக.

“மன்னிச்சிக்க சாலம்மா,” என்றார். வீட்டுக்குள் அந்தக் குரல் யாருடையதோ போல இருந்தது.

குந்தி எண்ணெய் ஊற்றினார். குச்சி நமுத்துவிட்டது, ஒன்று, இரண்டு, நாலு. ஐந்தாவது பிடிக்கும்போது நிலை தவறி இடது கையைத் தரையில் ஊன்றினார்.

தரை சுட்டது.

ஆள் இப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி, மனுஷச் சூடு. ஒரு உடம்பின் நீளத்துக்கு. அதைத் தாண்டி வைத்தால் சில்லென்று சிமெண்ட்.

குச்சி விரலைச் சுட்டு அணைந்தது. அவர் எழுந்த வேகத்தில் அகல் கவிழ்ந்தது. பூட்டவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. தன் வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். இடது கை மரத்துக் கிடந்தது. சூட்டில் வைத்த கை.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் போடவில்லை.

சிவப்புக் கோடு கடைசிவரை ஓடி முடிந்திருந்தது.

டக்.

டக்.

டக்.

சுவர் அதிரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. அதற்கப்புறம் வழக்கமாக வருகிற குரல் வரவில்லை. அடுத்தது என்ன என்று அவள் கேட்கவில்லை.

திரையில்தான் வந்தது. ‘இதைப் பார்த்து முடித்த உங்களுக்கு’ என்று ஒரு வரி. அதன் கீழே ஒரே ஒரு படம். பேர் இல்லை. நடிகர் முகம் இல்லை. சாம்பல் நிறச் சதுரம். நாற்காலியிலேயே முன்னால் குனிந்து பார்த்தார். மின்விசிறி. கீழேயிருந்து பார்த்தால் தெரிகிற மின்விசிறி, ஒரு இறக்கையில் ஒட்டடையோடு.

அவர் ரிமோட்டைத் தொடவில்லை. ஓட ஆரம்பித்தது.

மின்விசிறி சுற்றியது. படம் ஆடவில்லை, அசையவில்லை. கட்டிலின் காலும் கவிழ்ந்த சொம்பும் ஓரத்தில். மூச்சுச் சத்தம், கரகரவென்று, தண்ணீர் கலந்த மூச்சு. ஒரு கை படத்துக்குள் வந்தது. சுருங்கின கை, பச்சை குத்தின கை. கரண்டிக் காம்பால் சுவரில் தட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓடுகிறது, யாரோ சிரிக்கிறார்கள். கை தட்டியது. சிரிப்பு உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. இன்னும்.

“போதும்,” என்றார் ராஜாங்கம்.

செருப்புச் சத்தம். பார்வை மெல்ல, வலித்து வலித்து, ஜன்னல் பக்கம் திரும்பியது.

கம்பிக்கு வெளியே ஒரு முகம்.

துண்டு முக்காடு. மூக்குக் கண்ணாடி.

ஒரே பார்வை. ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். அவர் மனசுக்குள்ளேகூட அப்படித்தான் இருந்தது. எட்டிப் பார்த்தேன், பயந்தேன், வந்துவிட்டேன்.

கீழே நிமிஷம் ஓடியது. இரண்டு. ஐந்து. 

முகம் போகவில்லை.

“ண்ணா,” என்றது கரகரத்த மூச்சு. “ண்ணா... தண்ணி...”

ஒன்பது. பதினொன்று. முகம் பார்த்துக்கொண்டிருந்தது. கால் மாற்றி நின்றது. ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி, துண்டில் துடைத்து, மாட்டிக்கொண்டது. நன்றாகத் தெரிவதற்காக.

பதினாறு. பத்தொன்பது. அந்த முகத்தில் பயம் இல்லை. பயம் இருக்கும் என்று ராஜாங்கம் தேடித்தேடிப் பார்த்தார். இல்லை. அடுத்து என்ன ஆகும் என்று பார்க்கிற முகம்.

இருபத்திரண்டு.

கரண்ட் போனது.

திரை கறுத்தது. மழைச் சத்தம் மட்டும். எழுந்திருக்க வேண்டும், பூமாலையைக் கூப்பிட வேண்டும், எழில்மதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்தேன் என்று. நின்று பார்த்தேன் என்று. காலை ஊன்றினார்.

கால் இல்லை. இருந்தது, ஆனால் அவருடையது இல்லை. இடது பக்கம் முழுக்க ஈரச் சாக்கு மாதிரி. கன்னத்தில் சிமெண்ட் சில்லென்றது. நாற்காலியிலிருந்து எப்போது விழுந்தார்? வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. எச்சில் காதுவரை வழிந்தது.

வெளியே செருப்புச் சத்தம்.

யாரோ வருகிறார்கள். தெருவில் ஆள் இருக்கிறது. வந்துவிட்டார்கள்.

“த... தண்...”

சத்தம் வாசலைத் தாண்டியது. ஜன்னலுக்கு வந்தது. நின்றது.

கம்பிகளுக்கு நடுவே, கடைசி வெளிச்சத்தில், ஒரு தலை. துண்டு முக்காடு. அவருடைய கண்ணாடி. அவருடைய மூக்கு.

கதவைத் தட்டவில்லை. குரல் கொடுக்கவில்லை. உள்ளே குனிந்து, தரையில் தேடி, அவரைக் கண்டுபிடித்தது. பிறகு அவசரமே இல்லாமல், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாடையை நடுக்கம்பியில் சாய்த்து, சௌகரியமாக நின்றது.